மீன் தொட்டியில் கோளாறா? முதலில் வாங்கின பையைக் கொட்டிப் பாருங்கள்

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் சொல்கிற கதை பெரும்பாலும் "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்றுதான் ஆரம்பிக்கும். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது, மீன் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இரண்டு மிதக்கிறது. கடைக்கு ஓடினால் ஒரு நீலக் கலர் பாட்டிலைக் கொடுப்பார்கள், அதை ஊற்றுவார்கள், ஐந்தாம் நாள் இன்னும் இரண்டு மிதக்கும். நான் பார்த்த வரையில் புதுத் தொட்டிகளில் நோய் வந்து செத்த மீன் குறைவு. வாங்க வேண்டிய ஒரு சாமானை விட்டுவிட்டதால், இல்லை வாங்கக் கூடாத ஒன்றை வாங்கிப் போட்டதால் போனவைதான் அதிகம். அதனால் அறிகுறியில் ஆரம்பித்து, எந்தச் சாமான் கோளாறு என்று பின்னால் போகிற மாதிரி எழுதுகிறேன். இன்னும் தொட்டியே வாங்காதவர்கள் இதையே சாமான் லிஸ்ட்டாகப் படித்துக்கொள்ளலாம், அவர்கள் பாடு சுலபம்.

என் கணக்கெல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டிக்கு. தண்ணீர் சென்னைத் தண்ணீர். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், அப்படியென்றால் இந்தத் தொட்டி 56 லிட்டர். விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை, கல்லும் கொஞ்சம் இடம் பிடிக்கும், ஆக உள்ளே நிற்பது 45 லிட்டர் சொச்சம். இந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஃபில்டர், ஹீட்டர், ஆன்டி குளோரின், மருந்து எல்லாமே லிட்டர் கணக்கில்தான் வரும், கடைக்காரர் "எத்தனை லிட்டர்?" என்று கேட்கும்போது "இம்மாம் பெரிசு" என்று கையை விரிக்க வேண்டியதில்லை.

மீன் விட்ட சில மணி நேரத்திலேயே மேலே வந்து மூச்சு வாங்குகிறது

தண்ணீர் எங்கிருந்து பிடித்தீர்கள்? மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ என்றால் முதல் சந்தேகம் குளோரின் மேல்தான். நமக்குக் குடிக்கப் பாதுகாப்பான அளவே மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். பையில் ஆன்டி குளோரின் இருக்கிறதா பாருங்கள். பொதுவாக விற்பது சோடியம் தயோசல்பேட். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ஃபிலிம் கழுவப் பயன்படுத்திய ஹைப்போவும் இதேதான். கல்கண்டுப் பொடி மாதிரி பாக்கெட்டிலும் வரும், கரைத்த பாட்டிலாகவும் வரும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தொட்டி முழுவதற்கும் போட்டால் குளோரின் சில நிமிடங்களில் அடங்கிவிடும். கையில் அது இல்லையென்றால் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். அடுத்த தடவைக்கு வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். குளோரின் அப்படிப் பறந்துவிடும், ஆனால் சில ஊர்களில் சேர்க்கிற குளோரமைன் எத்தனை நாள் வைத்தாலும் சட்டென்று போகாது, அதற்கு மருந்துதான் வழி.

போர் தண்ணீர்தானே, குளோரினே கிடையாதே என்பவர்களுக்கு வேறு சிக்கல். நிலத்தடியிலிருந்து நேராக வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் ரொம்பக் குறைவாகவும் கார்பன் டை ஆக்ஸைடு அதிகமாகவும் இருக்கலாம். தொட்டியை நிரப்பி, மீன் இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்கக் காற்று ஓடவிட்டால் சரியாகும்.

இரண்டுமே இல்லை, காலையில் நன்றாக இருந்து மத்தியானம் மட்டும் மேலே வருகிறது என்றால் சூடு. மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்து நிற்கிற ஆக்ஸிஜன் குறையும். இதைக் கண்டுபிடிக்க வேண்டிய சாமான் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர், அதைத்தான் யாரும் வாங்குவதில்லை. மூடியைத் திறந்து வலை போட்டு, மேசை ஃபேனைத் தண்ணீர் மேல் படுகிற மாதிரித் திருப்பினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் கட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். திடீரென்று இறங்கினாலும் மீனுக்கு ஆபத்துதான்.

மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் போகிறது, தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது

இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். புதுத் தொட்டிகளில் இதைவிட அதிகமாக மீனைக் கொல்வது வேறெதுவும் இல்லை, இதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், கடைசியானது கொஞ்சம் சாது, வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியா எல்லாம் கடையில் வாங்கின அன்றைக்குத் தொட்டியில் இருக்காது. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் படிந்து தேவையான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். ஒரே பில்லில் தொட்டி, கல், லைட், பத்து மீன் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறோமே, அந்தப் பத்து மீனும் கக்கூஸ் இல்லாத வீட்டில் குடிவைத்த மாதிரிதான்.

போதாக்குறைக்கு நம் ஊர்த் தண்ணீர். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற எண்) ஏற ஏற, சூடு ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவின் விஷம் பல மடங்கு கூடும். பிஎச் 8, சூடு 30 டிகிரி என்பது சென்னையில் பல வீட்டுப் போர் தண்ணீருக்குச் சர்வ சாதாரணம். குளிர் நாட்டுக்காரர் வீடியோவில் "கொஞ்சம் அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்று சொல்வதை இங்கே நம்பிவிட வேண்டாம்.

பையில் என்ன இல்லை? அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற சொட்டு டெஸ்ட் கிட். சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துக் கலர் அட்டையோடு வைத்துப் பார்ப்பது. என்னிடம் இருக்கும் கிட்டில் அம்மோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சள், இருந்தால் பச்சை. முதன்முதலில் என் தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், பச்சை நெல்லிக்காய் நிறத்தில் இருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அதற்குள் அவ்வளவு விஷம். இந்த கிட் மற்ற சாமான்களைவிடக் கொஞ்சம் விலைதான், ஆனால் பின்னால் ஒட்டுகிற கடல் படத்தையும், வாயைத் திறந்து மூடுகிற பிளாஸ்டிக் முதலையையும் விட்டுவிட்டால் பாதிக் காசு அங்கேயே வந்துவிடும்.

டிடிஎஸ் பேனா வைத்திருக்கிறேனே என்று பலர் சொல்வார்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும், அம்மோனியாவைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. ஆர்ஓ மெக்கானிக் வந்தால் காட்டட்டும், நமக்கு இங்கே உதவாது.

ஏற்கெனவே மீன் விட்டாகிவிட்டது என்றால்: தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் மறக்காதீர்கள். நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, நம் தொட்டிக்கு 45 கிராம், தனியாக ஒரு மக்கில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் மறிக்கும் (குளோரைடு வேறு, குளோரின் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்).

அப்புறம் இருப்பதிலேயே நல்ல சாமான், காசே ஆகாதது: யாராவது தெரிந்தவர் வீட்டில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் ஒரு பஞ்சு. பார்க்கக் கண்றாவியாக, பழுப்புச் சேறாக இருக்கும். அதைக் காயவிடாமல், அவர் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு எடுத்து வந்து உங்கள் ஃபில்டரில் செருகினால் பாக்டீரியா குடும்பத்தோடு வந்து இறங்கிவிடும், ஆறு வாரம் என்பது பெருமளவு குறையும். அவர் தொட்டியில் மீனுக்கு வியாதி இல்லையே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதிரி ஆள் கிடைக்கவில்லையென்றால் தொட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி மறுபடி பூஜ்யத்துக்கு இறங்குகிற வரை காத்திருக்கத்தான் வேண்டும். வெறும் தண்ணீருக்குத் தீனி போடுவதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள்தான்.

அந்த நீல பாட்டிலைப் பற்றி: மெத்திலீன் புளூவுக்கு அதற்கென்று உபயோகம் உண்டு, தனி டப்பில், பூஞ்சை பிடித்த மீனுக்கு. ஓடுகிற தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் இப்போதுதான் முளைக்கிற பாக்டீரியாவையும் கெடுத்துவிடும், மூலையில் இருக்கிற சிலிக்கானும் நீலமாகிவிடும், அந்தக் கறை போகவே போகாது.

தண்ணீரின் நிறம் மாறிவிட்டது

நிறத்தைச் சொன்னால் பாதி விடை வந்துவிடும். நிரப்பின அன்றைக்கே சாம்பல் கலங்கல் என்றால் கல்லைச் சரியாகக் கழுவவில்லை. வாளியில் போட்டு அரிசி களைகிற மாதிரிக் களைய வேண்டும், எட்டுப் பத்து தண்ணீர் கூட ஆகும், மேலே தெளிகிற வரை விடக் கூடாது. சோப்பு கூடவே கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்து வருகிற பால் வெண்மை வேறு, அது மிதக்கிற பாக்டீரியாக் கூட்டம். தீனியைக் குறைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒரு வாரத்தில் போகும். சும்மா இருக்க முடியாமல் முழுத் தண்ணீரையும் கொட்டிக் கழுவுகிறவர்களுக்கு மறுபடி மறுபடி வரும்.

பச்சையாக ஆனால் வெளிச்சம் அதிகம். தொட்டி ஜன்னல் பக்கம் இருக்கிறதா, லைட் ராத்திரி பகலாக எரிகிறதா பாருங்கள். பையில் சேர்க்க வேண்டியது ஒரு பிளக் டைமர்; நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புப் பொடி படிந்தால் அது டயாட்டம் என்கிற ஒரு வகைப் பாசி, புதுத் தொட்டிக்கு வந்து போகிற விருந்தாளி, துடைத்துவிடுங்கள்.

டீ டிகாக்ஷன் மாதிரி ஆனால் மரக்கட்டை போட்டிருப்பீர்கள். அதில் இறங்குவது டானின், மீனுக்குக் கெடுதல் இல்லை, ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதற்காகவே காய்ந்த நாட்டு வாதாம் இலையைத் தேடிப் போடுவார்கள். பிடிக்கவில்லையென்றால் கட்டையை இரண்டு வாரம் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறினால் கலர் கல்லின் சாயம், மீனை உடனே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கல்லைத் தூக்கிப் போடுங்கள்.

கல் போட்டதிலிருந்து பிஎச் இறங்க மாட்டேன் என்கிறது

பிஎச் இறக்குகிற மருந்து வாங்கி ஊற்றுவார்கள், இறங்கும், மறுநாள் காலையில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். கல்லைச் சந்தேகப்படுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறதே என்று பலர் வாங்குவது மார்பிள் சில்லு. நானும் வாங்கினேன், கட்டடச் சாமான் கடையில், ஒரு மூட்டையாக. வீட்டில் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை ஒரு எவர்சில்வர் தட்டில் இருந்த நான்கு சில்லுகள் மேல் ஊற்றினேன். முதலில் ஒன்றும் இல்லை, அப்புறம் காதைக் கிட்டக் கொண்டுபோனால் சோடா உடைத்த மாதிரி மெல்லிய சீறல், சில்லைச் சுற்றி ஊசி முனை அளவில் குமிழ் வரிசை. நுரைத்தால் சுண்ணாம்பு. அது தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும், பிஎச்சும் கடினத்தன்மையும் ஏறிக்கொண்டே இருக்கும். சிப்பி, சங்கு, பவளத் துண்டு எல்லாம் இதே ஜாதி. வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு போதும்.

நுரைக்காத ஆற்றுக் கூழாங்கல், கருங்கல் பொடிசு இதெல்லாம் நல்லது. கடற்கரை மணல் அள்ளிக்கொண்டு வர வேண்டாம், உப்பும் சிப்பித் தூளும் அதில் இருக்கும். அளவு: இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்ப 12 முதல் 15 கிலோ. நைஸ் மணலை நான்கு அங்குலத்துக்கு மேல் குவித்தால் அடியில் காற்றுப் போகாமல் அழுகி, கிளறும்போது அழுகின முட்டை நாற்றம் வரும், அந்த வாயு மீனுக்கு விஷம்.

சரி, தண்ணீரே கடினம், ஆர்ஓ தண்ணீரை ஊற்றலாமா? முழுக்க ஆர்ஓ வேண்டாம். பிஎச்சை நிலையாகப் பிடித்து வைக்கிற தாது உப்புகள் அதில் இருக்காது, ஒரு நாள் திடீரென்று பிஎச் கவிழும். பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற வேஸ்ட் தண்ணீரை வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றினவரையும் எனக்குத் தெரியும். அதில் உப்பு இரட்டிப்பாகச் சேர்ந்திருக்கும், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். எளிய வழி, இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீன் வாங்குவது. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினத் தண்ணீரில் குஷியாக இருக்கும். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் மீன் வளர்த்து விற்கிறவர்களிடம் நேரடியாக வாங்கினால் என்ன தண்ணீரில் வளர்த்தீர்கள் என்று கேளுங்கள், அதுவே உங்கள் வீட்டுத் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் பாதிக் கவலை விட்டது.

கரண்ட் போய் வந்தது, எழுந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர்

தொட்டி உடைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் தோன்றியது. விடியற்காலை நாலரை மணி, காலில் ஜில்லென்று பட்டது, டார்ச் அடித்துப் பார்த்தால் தொட்டியில் முக்கால்தான் இருக்கிறது, கண்ணாடியில் ஒரு கீறல் கூட இல்லை. ஏர் பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டின் தட்டில் வைத்திருந்தேன். கரண்ட் போனதும் காற்று நின்றது, தண்ணீர் அந்த மெல்லிய டியூப் வழியாகவே பின்னால் ஏறி, பம்ப்புக்குள் இறங்கி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருந்த இடத்துக்கு. கரண்ட் வருவதற்கு முன்னாலேயே பார்த்தது என் அதிர்ஷ்டம்.

இதற்கு மருந்து ஒரு நான் ரிட்டர்ன் வால்வு. விரல் நுனி அளவு பிளாஸ்டிக், ஒரு டீ வடைக் காசு. டியூப்பை நடுவில் வெட்டிச் செருக வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையென்றால் வாயில் வைத்து ஊதுங்கள், காற்றுப் போகிற முனை பம்ப் பக்கம், எதிர் முனையில் ஊதினால் அடைக்க வேண்டும். கடையில் கேட்காமல் தரவே மாட்டார்கள், ரெண்டாகக் கேட்டு வாங்குங்கள், வருடத்தில் ஒன்று உள்ளே ரப்பர் விறைத்துப் போகும். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டால் வால்வு கூட வேண்டாம், ஆனால் இரண்டையும் செய்கிறவன் நிம்மதியாகத் தூங்குவான். ஒயர்களை நேராக பிளக்குக்கு இழுக்காமல், பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டுபோங்கள், வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

கரண்ட் அடிக்கடி போகிற இடம் என்றால் சார்ஜ் ஏறுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று தனியாக இருக்கட்டும். இரண்டு மூன்று மணி நேரக் கட்டில் மீன் தாங்கிவிடும், கூட்டம் அதிகமுள்ள தொட்டியில் அதற்கு முன்பே திணறும். மூடின டப்பா மாதிரி இருக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் இருந்தால் அப்படியே ஆன் செய்யாதீர்கள். உள்ளே காற்றில்லாமல் கெட்ட தண்ணீர் மொத்தமாகத் தொட்டியில் பாயும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

தண்ணீரில் கை வைத்தால் சுள்ளென்று இழுக்கிறது

கையை எடுங்கள். மீனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் எந்த பிளக்கையும் தொட வேண்டும். உள்ளே மூழ்கியிருக்கிற மோட்டாரின் ஒயர் தோல் கிழிந்திருக்கும், அல்லது ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். ஒட்டி ஒப்பேற்ற வேண்டாம், குப்பையில் போடுங்கள். இனிமேல் தொட்டிக்குள் கை விடும்போதெல்லாம் எல்லா பிளக்கையும் பிடுங்குவது என்று பழக்கிக்கொள்ளுங்கள், வீட்டு போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற சுவிட்ச்) இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டுங்கள்.

ஹீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, சென்னை, மதுரை, திருச்சியில் பெரும்பாலும் அதற்கு வேலையே இல்லை, லிஸ்ட்டில் இருந்தால் அடித்துவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் ஆட்களுக்கு வேண்டும், லிட்டருக்கு 1 வாட் என்று கணக்கு, நம் தொட்டிக்கு 50 வாட். தண்ணீர் மாற்றுகிறபோது ஆஃப் செய்து கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே வெளியே தெரிகிற மாதிரித் தண்ணீரை இறக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி தெறிக்கும்.

பம்ப் கொர்ரென்று கத்துகிறது, குமிழ் மட்டும் குறைவாக வருகிறது

டியூப் நுனியில் குமிழ் விடுகிற ஏர் ஸ்டோன் அடைத்திருக்கும், அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். குமிழ் கொட்டினால் ஸ்டோனை மாற்றுங்கள், விலை ஒன்றுமில்லை. ஸ்டோன் இல்லாமலும் மந்தம் என்றால் பம்ப் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கும், அந்த ரப்பர் தனியாகவும் கிடைக்கும். சத்தம் குறைய, பாத்திரம் தேய்க்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பம்ப்புக்கு அடியில் வையுங்கள். இரண்டு ஸ்டோன் போட்டு ஒன்றில் மட்டும் காற்று வருகிறதென்றால், காற்று சுலபமான வழியில்தான் போகும், ஆழம் குறைவாக இருக்கிற பக்கம் எல்லாம் ஓடிவிடும். டியூப்பில் செருகுகிற கன்ட்ரோல் வால்வு வைத்து அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

ஃபில்டர் எது வாங்குவது என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காற்றும் கொடுக்கும், சுத்தமும் செய்யும், குட்டி மீனை உறிஞ்சாது. மோட்டார் ஃபில்டர்தான் வேண்டுமென்றால் மணிக்குத் தொட்டித் தண்ணீரைப் போல நான்கு ஐந்து மடங்கு, அதாவது 200 லிட்டர் தள்ளுகிற மாதிரிப் பாருங்கள். எது வாங்கினாலும் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த வாளித் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்தால் போதும். "ஃபில்டரைப் பளிச்சென்று கழுவின மறுநாள் மீன் செத்தது" என்பதற்கு மேலே மூன்றாம் நாள் சாவுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

தொட்டிக்கு அடியில் ஈரம்

தொட்டியைச் சுற்றித் துடைத்துவிட்டு, அடி ஓரமெல்லாம் காய்ந்த நியூஸ்பேப்பரை வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எந்த இடத்துப் பேப்பர் முதலில் கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. மூடி வழியாகச் சொட்டுவதையும் ஏர் ஸ்டோன் தெறிப்பதையும் கசிவு என்று நினைத்துத் தொட்டியைக் காலி செய்தவர்கள் உண்டு, அதனால்தான் இந்தச் சோதனை.

கசிவு நிஜம் என்றால் காலி செய்து, உள்பக்கம் பழைய சிலிக்கானை பிளேடால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டாது. சிலிக்கான் ட்யூபில் பூஞ்சைத் தடுப்பு என்று போட்டிருந்தால் அது பாத்ரூமுக்கு, மீனுக்கு விஷம். சாதாரணக் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கான் போதும், காயும்போது வினிகர் வாசனை வரும், அது முழுதும் போகிற வரை இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

ஏன் கசிந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் ஸ்டாண்ட்தான். தண்ணீர் மட்டும் 45 கிலோ, கல், கண்ணாடி சேர்த்தால் 70 கிலோவைத் தாண்டும், அது டிவி ஸ்டாண்டு தாங்குகிற பாரமல்ல. ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடிக் கண்ணாடி முழுவதும் படிகிற மாதிரி அரை அங்குலத் தெர்மாகோல் விரித்து அதன் மேல் தொட்டியை வைக்க வேண்டும். ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் அந்த ஒரு புள்ளியில் பாரம் இறங்கும், தெர்மாகோல் அதை உள்வாங்கிக்கொள்ளும். ரசமட்டம் இல்லையென்றால் பாதி நிரப்பி இரண்டு ஓரத்திலும் ஸ்கேலால் தண்ணீர் உயரத்தை அளந்து பாருங்கள். புதுத் தொட்டியையும் முதலில் பால்கனியில் ஒரு நாள் நிரப்பி வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோவது நல்லது, ஹாலில் சோஃபா நனைந்த பிறகு கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கோடு

போர் தண்ணீரின் உப்பு. வெளியே வினிகர் நனைத்த துணியால் தேய்த்தால் போகும். வற்றின அளவை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும், வாராவாரம் கால் பங்கை வெளியே எடுத்துவிட்டு மாற்றுங்கள். அதற்குத் தண்ணீரை உறிஞ்சி இறக்குகிற ஒரு சைஃபன் டியூப்பும், மீனுக்கென்றே வைத்த, சோப்பே படாத ஒரு வாளியும் வேண்டும். துணி துவைக்கிற வாளியை எடுக்கிற வீட்டில் சோப்பு தொட்டிக்குள் போயே தீரும்.

அழுக்கு தின்னும் என்று வாங்கின சக்கர் மீன் தொட்டியையே அடைத்துக்கொண்டது

அது ஒரு அடிக்கு மேல் வளர்கிற மீன். அழுக்கு தின்னும் என்பதைவிட அழுக்குப் போடும் என்பதுதான் உண்மை. வாங்கின கடையில் திரும்ப எடுப்பார்களா கேளுங்கள், பெரிய தொட்டிக்காரர் யாராவது வாங்கிக்கொள்வார்களா பாருங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே பெருகி, வலை வீசுகிறவர்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது, அதன் முள் வலையைக் கிழிக்கும், விலையும் போகாது. பாசிக்கு ஒரு காந்த ஸ்கிராப்பர் வாங்கியிருந்தால் இந்த மீனே வந்திருக்காது. தங்கமீனையும் கிண்ணத்தில் வைக்கிற மீன் என்று நினைத்து வாங்காதீர்கள், அதுவும் நம் தொட்டிக்குச் சீக்கிரமே பெரிதாகிவிடும்.

ஊருக்குப் போய் வந்தால் தண்ணீர் நாறுகிறது

பக்கத்து வீட்டுக்காரர் அன்பானவர், அதுதான் சிக்கல். நல்ல நிலையில் இருக்கிற பெரிய மீன்கள் நான்கு ஐந்து நாள் தீனி இல்லாமல் சாதாரணமாக இருக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டு வரலாம். அதற்கு மேல் என்றால் ஒரு வேளைக்கு எவ்வளவோ அதை மட்டும் மருந்துக்கடைப் பொட்டலம் மாதிரி மடித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நான் பூட்டாமல் போனேன். திரும்பி வந்தபோது பொட்டலம் எல்லாம் அப்படியே இருந்தது, டப்பா காலி. "பாவம், குட்டியூண்டு பொட்டலம் சார், அது எப்படிப் பத்தும்?" என்றார்.